மெடிக்கல் ரெப் வேலைக்குக் கவர் லெட்டர்: விளம்பரத்தைப் படிப்பதிலிருந்து அனுப்பும் நேரம் வரை

மெடிக்கல் ரெப் வேலைக்கு ஆள் தேடும் ஏரியா மேனேஜரின் நிலைமையிலிருந்து தொடங்குவோம். அவருக்குக் கீழே நான்கைந்து ஹெச்.க்யூ. (ஒரு ரெப் குடியிருந்து வேலை பார்க்கும் ஊர்) இருக்கும், அதில் ஒன்று காலி. ஆள் இல்லை என்பதற்காக அந்த ஊரின் டார்கெட்டை மேலிடம் குறைப்பதில்லை. ரெப் வராத கம்பெனியின் பிராண்டை டாக்டர் மெல்ல எழுதாமல் விடுகிறார், அந்த இடத்தில் வேறு கம்பெனியின் ரெப் உட்கார்ந்துவிடுகிறார். அவசரத்துக்கு ஒருவரை எடுத்தாலோ, அவர் டிரெய்னிங் முடித்து இரண்டு மாதம் வெயிலில் சுற்றிவிட்டு, 'பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கப் போறேன் சார்' என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஊர் மறுபடி காலி.

அதனால் உங்கள் கடிதத்தைத் திறக்கும்போது அவர் மனதில் இருப்பது ஒரே கேள்வி: இந்த ஆளை இந்த ஊரில் போட்டால் நிற்பாரா? அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான், நாளைக்குப் பத்து டாக்டரைப் பார்ப்பாரா, மருந்தைப் பற்றி இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேசுவாரா என்பதெல்லாம். 'கடின உழைப்பாளி, சவால்களை விரும்புபவர், குழுவாகச் செயல்படுபவர்' என்ற வரிகள் இந்தக் கேள்விகளில் எதற்கும் பதிலாகாது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு கேள்வியை மையமாக வைத்துத்தான்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. 200 முதல் 250 சொல், நான்கு பத்தி போதும். இந்தத் துறையில் கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும், ஏனென்றால் ஏரியா மேனேஜரைத் தாண்டி மும்பையிலோ அகமதாபாத்திலோ பெங்களூரிலோ இருக்கும் ஹெச்.ஆர். கைக்கும் அது போகிறது. இங்கே மாதிரிகளைத் தமிழில் தருகிறோம். உள்ளடக்கத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் எளிய ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி: விளம்பரத்தைப் பிரித்துப் படிப்பது

பதவியின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மெடிக்கல் ரெப்ரசென்டேட்டிவ், பிசினஸ் ஆபீசர், டெரிட்டரி பிசினஸ் எக்ஸிக்யூட்டிவ் என்று எப்படிப் போட்டிருந்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கடிதத்தில் அவர்கள் போட்டிருக்கும் பெயரையே எழுதுங்கள். ஹெச்.ஆர். தேடிப் பார்ப்பது அந்தப் பெயரை வைத்துத்தான்.

அடுத்தது டிவிஷன். பெரிய கம்பெனிகளில் இதயம்–சர்க்கரை, எலும்பு, தோல், மகப்பேறு, பொது மருத்துவம் என்று தனித்தனி டிவிஷன்கள் உண்டு. ஒரே கம்பெனியிலிருந்து மூன்று ரெப்கள் மூன்று பையோடு ஒரே டாக்டரைப் பார்ப்பதும் நடக்கும். இதயம்–சர்க்கரை டிவிஷன் என்றால் பொது மருத்துவர், சர்க்கரை நோய் நிபுணர், இதய நிபுணர் ஆகியோர்தான் உங்கள் பட்டியலில் அதிகம் இருப்பார்கள். தோல் டிவிஷன் என்றால் பட்டியலே வேறு. எந்த டிவிஷன் என்று பார்க்காமல் எழுதிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது ஹெச்.க்யூ. இது நீங்கள் குடியிருக்க வேண்டிய ஊர். அதைச் சுற்றி, காலையில் போய் இரவு வீடு திரும்பக்கூடிய ஊர்கள் எக்ஸ் ஸ்டேஷன். தங்கி வேலை பார்க்க வேண்டியவை அவுட் ஸ்டேஷன். விளம்பரத்தில் 'ஹெச்.க்யூ. திருநெல்வேலி' என்று மட்டும்தான் இருக்கும். அதற்குள் அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில், தென்காசி என்று எது எது சேரும் என்பது கம்பெனியைப் பொறுத்தது. தென்காசியை எக்ஸ் ஸ்டேஷனாக வைத்திருக்கும் கம்பெனியும் உண்டு, தனி ஹெச்.க்யூ.வாக வைத்திருக்கும் கம்பெனியும் உண்டு. தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். 'திருநெல்வேலியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்' என்று எழுதினால் போதும்.

கடைசியாக நிபந்தனைகள்: படிப்பு, வயது, இரு சக்கர வாகனம், லைசென்ஸ், அனுபவம். கேட்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் கடிதத்தில் ஒரு சொல்லாவது பதில் இருக்க வேண்டும். பைக் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள், நீங்கள் அதைச் சொல்லவே இல்லை என்றால், இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: அரை நாள் ஊரைச் சுற்றிப் பார்ப்பது

பெரும்பாலானவர்கள் தவிர்த்துவிடும் படி இது. கடிதத்தில் மற்றவர்களிடம் இல்லாத இரண்டு வரி கிடைப்பதும் இங்கேதான்.

மதியம் மூன்று மணிக்கு மேல், கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், ஐந்தாறு மெடிக்கல் ஷாப்புக்குப் போங்கள். 'இந்தக் கம்பெனியில் ரெப் வேலைக்கு அப்ளை பண்ணப் போகிறேன், கொஞ்சம் தெரிந்துகொள்ளலாமா அண்ணாச்சி' என்று உள்ளதைச் சொல்லியே கேளுங்கள். ரெப் என்று பொய் சொல்லிக்கொண்டு போக வேண்டாம். கடைக்காரருக்கு ஊரில் உள்ள எல்லா ரெப்பையும் முகத்தால் தெரியும். கேட்க வேண்டியவை மூன்று. இந்தக் கம்பெனியின் ரெப் கடைசியாக எப்போது வந்தார்? இந்த வகையில் எந்த பிராண்டுகள் ஓடுகின்றன? சரக்கு எந்த ஸ்டாக்கிஸ்டிடமிருந்து (மொத்த வியாபாரியிடமிருந்து) வருகிறது, தட்டுப்பாடு உண்டா?

பிரிஸ்கிரிப்ஷனைப் படம் எடுக்கக் கூடாது. நோயாளி பெயர் எதையும் குறிக்கக் கூடாது. பிராண்டுகளும் ஒரு சுருக்கமான கணிப்பும் மட்டும் போதும். வேலையில் சேர்ந்த பிறகு இதையே ஆர்.சி.பி.ஏ. (எந்த பிராண்ட் எழுதப்படுகிறது என்று கடைகளில் எடுக்கும் கணக்கு) என்ற பெயரில் ஒழுங்காகச் செய்யப் போகிறீர்கள்.

கூடவே ஊரின் மருத்துவ வரைபடத்தையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். திருநெல்வேலி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் தனியார் மருத்துவமனைகள், டவுனிலும் சந்திப்பிலும் தனி கிளினிக்குகள். எந்தப் பகுதியில் காலை ஓ.பி., எங்கே மாலை ஆறு மணிக்கு மேல்தான் டாக்டர் உட்காருகிறார் என்பது தெரிந்தவர் ஒரு நாளை வீணாக்க மாட்டார். அதுதான் மேனேஜருக்குத் தேவை.

கடிதத்தின் தலைப்பகுதி

பெயர், ஊர், மொபைல், மின்னஞ்சல். அவ்வளவுதான். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு, தந்தை பெயர், சாதி, திருமண நிலை எதுவும் இங்கே வேண்டாம். பெண்கள் 'திருமணமாகிவிட்டது, இருந்தாலும் பயணம் செய்ய முடியும்' என்று முன்கூட்டியே சமாதானம் எழுதுவதைப் பார்க்கிறோம். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி, சந்தேகத்தை நீங்களே விதைக்க வேண்டாம். 'இரு சக்கர வாகனமும் லைசென்ஸும் உண்டு, வெளியூர் வேலைக்குத் தயார்' என்ற வரி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

சப்ஜெக்ட் வரியில் நான்கு செய்தி இருக்கட்டும்: பதவி, ஹெச்.க்யூ., டிவிஷன், படிப்பு அல்லது அனுபவம். 'அப்ளிகேஷன் ஃபார் ஜாப்' என்று மட்டும் போட்டால் அதே தலைப்பில் வந்த நூறு மின்னஞ்சலுக்குள் அது காணாமல் போகும். யாருக்கு எழுதுகிறீர்கள் என்று பெயர் தெரிந்தால் பெயர். தெரியாவிட்டால் 'டியர் ஹயரிங் மேனேஜர்'. 'ரெஸ்பெக்டட் சார்' பள்ளிக்கூட லீவ் லெட்டர் வாசனை அடிக்கும். படிப்பவர் பெண்ணாகவும் இருக்கலாம்.

முதல் பத்தி: ஊர்

இரண்டு, மூன்று வாக்கியம். எந்த வேலை, எந்த ஹெச்.க்யூ., அந்த ஊருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு. சொந்த ஊரா, படித்த ஊரா, இப்போது வேலை பார்க்கும் ஊரா? எதுவும் இல்லை, வேறு ஊருக்கு மாற வேண்டும் என்றால் அதையும் மறைக்காமல், எப்போது குடிமாற முடியும் என்பதோடு எழுதுங்கள். தஞ்சாவூர்க்காரர் திருநெல்வேலிக்கு வர ஏன் சம்மதிக்கிறார் என்ற சந்தேகத்தை அப்படியே விட்டால், அடுத்த கடிதத்தில் இருக்கும் உள்ளூர்க்காரருக்குத்தான் போன் போகும்.

இரண்டாம் பத்தி: அனுபவம் உள்ளவர்களுக்கு

இங்கேதான் கடிதம் நிற்பதும் விழுவதும். எண்கள் வேண்டும், ஆனால் எந்த எண் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்கு விற்றது பிரைமரி. ஸ்டாக்கிஸ்ட் மெடிக்கல் ஷாப்புகளுக்கு விற்றது செகண்டரி. டாக்டர் எழுதி நோயாளி வாங்கினால்தான் செகண்டரி தொடர்ந்து நகரும். மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்டைக் கெஞ்சிக் கூத்தாடிச் சரக்கை ஏற்றினால் பிரைமரி மட்டும் உயரும், மூன்று மாதம் கழித்து எக்ஸ்பைரியாகத் திரும்பி வரும். எல்லா மேனேஜருக்கும் இது தெரியும். அதனால் 'மார்ச் மாதம் எட்டு லட்சம் செய்தேன்' என்று எழுதினால் அவர் மனதுக்குள் கேட்பது: குளோசிங் ஸ்டாக் (மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்டிடம் விற்காமல் இருக்கும் சரக்கு) எவ்வளவு?

செகண்டரியைக் கணக்கிடும் முறை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்க ஸ்டாக் 2.1 லட்சம், கம்பெனியிலிருந்து வந்தது 5.2 லட்சம், கூட்டினால் 7.3. மாதக் கடைசி ஸ்டாக் 1.9, திருப்பி அனுப்பிய சரக்கு 0.1 போக, செகண்டரி 5.3 லட்சம். டார்கெட் 5 லட்சம் என்றால் அச்சீவ்மென்ட் 106 சதவீதம். ஒரு நல்ல மாதத்தைப் பொறுக்கி எழுதாமல் 12 மாத சராசரியை எழுதுங்கள். 12 மாதத்தில் 9 மாதம் டார்கெட்டைத் தொட்டிருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள். தொடாத மூன்று மாதத்தைப் பற்றி நேர்காணலில் கேட்பார்கள், கேட்கட்டும். பன்னிரண்டிலும் தொட்டேன் என்பதைவிட ஒன்பது என்பது நம்பும்படி இருக்கிறது.

வளர்ச்சியைச் சொல்லும்போது தொடக்கப் புள்ளியும் காலமும் வேண்டும். 'பொறுப்பேற்றபோது மாதம் 3.2 லட்சம், 26 மாதத்துக்குப் பிறகு 4.9 லட்சம், 53 சதவீத வளர்ச்சி.' இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு, 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 12 மாதத்தில் 10 சதவீதம் வரை விலையை ஏற்றலாம். உங்கள் வளர்ச்சியில் ஒரு பங்கு அந்த விலையேற்றமாக இருக்கலாம். 'யூனிட்டில் (விற்ற எண்ணிக்கையில்) எவ்வளவு?' என்று அனுபவமுள்ள மேனேஜர் கண்டிப்பாகக் கேட்பார். யூனிட் வளர்ச்சி கையில் இருந்தால் அதையும் கடிதத்திலேயே போடுங்கள். விஷயம் தெரிந்தவர் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

எண்ணோடு அது எப்படி வந்தது என்பதும் வேண்டும். ஒரே வாக்கியம்: எழுதாமல் இருந்த டாக்டர்களில் எத்தனை பேரை எழுத வைத்தீர்கள், சரக்கு இல்லாத ஊரில் ஸ்டாக்கைக் கொண்டு சேர்த்தீர்களா, கைவிடப்பட்டிருந்த எக்ஸ் ஸ்டேஷனை மாதம் இரண்டு முறை என்று ஒழுங்காக்கினீர்களா. ஒரு மாதிரிப் பத்தி:

'மதுரை ஹெச்.க்யூ.வில் பொது மருத்துவ டிவிஷனில் 26 மாதங்களாக இருக்கிறேன். என் பட்டியலில் 160 டாக்டர்கள். நாளைக்குச் சராசரி 11 டாக்டர் சந்திப்பு, 5 மெடிக்கல் ஷாப் சந்திப்பு. மாத செகண்டரி 3.2 லட்சத்திலிருந்து 4.9 லட்சமானது, யூனிட் கணக்கில் வளர்ச்சி 38 சதவீதம். இதன் பெரும் பங்கு, ஓராண்டுக்கு மேல் யாரும் போகாமல் இருந்த மேலூர், திருமங்கலம் பகுதிகளை மாதம் இரண்டு முறை பார்க்கத் தொடங்கியதால் வந்தது. கடந்த 12 மாதங்களில் 9 மாதம் டார்கெட்டைத் தொட்டிருக்கிறேன்.'

இதில் டாக்டர் பெயர் ஒன்றுகூட இல்லை, கவனியுங்கள். இப்போதைய கம்பெனியின் பிராண்ட் வாரியான விற்பனை, ஸ்டாக்கிஸ்டுக்குக் கொடுக்கும் ஸ்கீம், வரப்போகும் புதிய மருந்து ஆகியவையும் வேண்டாம். அவை கம்பெனியின் ரகசியம். அங்கிருந்து எடுத்து வந்தவர் நாளை இங்கிருந்தும் எடுத்துப் போவார் என்று புது மேனேஜருக்கும் தோன்றும்.

எண்ணைப் பெருக்கி எழுத நினைப்பவர்களுக்கு: இந்தத் தொழிலில் சரிபார்ப்பதற்கு ஹெச்.ஆர். தேவையில்லை. உங்கள் ஊர் ஸ்டாக்கிஸ்டுக்கு ஒரு போன் போதும்.

இரண்டாம் பத்தி: ஃப்ரெஷர்களுக்கு

விற்பனை எண் இல்லை என்பதால் வெறும் குணநலப் பட்டியலுக்குத் தாவ வேண்டாம். உங்களிடம் இருப்பதைத் தேடுங்கள்.

டி.ஃபார்ம் படித்தவர்களிடம் இருப்பது பெரிய சொத்து, அவர்களுக்கே அது தெரிவதில்லை. படிப்பின் பகுதியாக 500 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி, அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கும் வேலை. அதாவது கவுண்டருக்கு உள்ளே நின்று, எந்த டாக்டரின் சீட்டில் எந்த வகை மருந்து வருகிறது, நோயாளி விலையைக் கேட்டு எதைத் தவிர்க்கிறார், சரக்கு இல்லாதபோது கடைக்காரர் எதை மாற்றித் தர முயல்கிறார் என்பதையெல்லாம் பார்த்திருக்கிறீர்கள். பல ரெப்களுக்கு இது சேர்ந்து ஓராண்டு கழித்துத்தான் புரிகிறது. கடிதத்தில் இரண்டு வாக்கியம் இதற்கு ஒதுக்குங்கள்.

பி.ஃபார்ம் என்றால் தொழிற்பயிற்சி எங்கே செய்தீர்கள் என்பதைவிட மருந்தியல் அறிவுதான் உங்கள் பலம். ஆனால் 'மருந்தியலில் ஆர்வம்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. டிவிஷனோடு கட்டுங்கள். இதயம்–சர்க்கரை டிவிஷன் என்றால், 2020-இல் டாபாகிளிஃப்ளோசினுக்கும் 2022-இல் சிடாகிளிப்டினுக்கும் இந்தியாவில் காப்புரிமை முடிந்து, ஏராளமான பிராண்டுகள் ஒரே மருந்தோடு வந்து குவிந்த கதை தெரிந்திருக்க வேண்டும். ஒரே மருந்து, பல பெயர். டாக்டர் எதை எழுதுவது என்பதை அந்தந்த ரெப்பின் ஒழுங்கான வருகையும் சரக்கு கிடைப்பதும் பெரிதும் முடிவு செய்கின்றன. இதைப் புரிந்து எழுதிய ஒரு வாக்கியம் போதும். எழுதினால் அதன்மேல் கேள்வி வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பி.எஸ்சி. படித்தவர்கள் பகுதிநேர வேலை, வீடு வீடாகப் போய் எதையாவது விற்றது, ரத்ததான முகாம் ஒருங்கிணைத்தது, கடையில் மாலை நேரம் உட்கார்ந்தது போன்றவற்றைத் தேடுங்கள். ஒரே இடத்தில் எவ்வளவு காலம் நீடித்தீர்கள் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 'படித்துக்கொண்டே 14 மாதம் மளிகை டெலிவரி செய்தேன்' என்ற வரி 'நிற்பாரா?' என்ற கேள்விக்கு நேரடியான பதில். டெலிவரி வேலையை எழுதக் கூச்சப்படுபவர்கள் உண்டு. வெயிலும் பைக்கும் பழகியவர் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இந்த வேலையில் கிடைக்காது.

மூன்றாம், நான்காம் பத்திகள்

மூன்றாவதில் கம்பெனி. 'உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் சேர்வது என் கனவு' என்பதை அப்படியே அழித்துவிட்டு, கடைகளில் நீங்கள் கேட்டறிந்ததை எழுதுங்கள். அதில் குறை சொல்லும் தொனி கூடாது. 'உங்கள் ரெப் மூன்று மாதமாக வரவில்லை என்று கடைகளில் திட்டுகிறார்கள்' என்பது உண்மையாக இருந்தாலும், படிப்பவர் அந்த ஏரியாவின் மேனேஜர். 'ஸ்டாக் கிடைக்கிறது, ஆனால் ஒழுங்கான விசிட் தேவைப்படுகிறது என்று தெரிந்துகொண்டேன்' என்றால் அதே செய்தி மரியாதையோடு போய்ச் சேரும்.

நான்காவது வெறும் தகவல்: எப்போது சேர முடியும், நோட்டீஸ் காலம், வாகனம், லைசென்ஸ், பேசும் மொழிகள், தொடர்பு கொள்ள ஏற்ற நேரம். சம்பளம் கேட்கச் சொல்லாவிட்டால் எழுத வேண்டாம். கேட்டிருந்தால் மாதச் சம்பளத்தைத் தனியாகவும் பயணப் படி, தினப்படியைத் தனியாகவும் காட்டுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லிவிட்டு, சேர்ந்த பிறகு கையில் வருவது குறைகிறதே என்று வருந்துபவர்கள் அதிகம்.

முழு மாதிரி: டி.ஃபார்ம் முடித்த ஃப்ரெஷர்

சப்ஜெக்ட்: மெடிக்கல் ரெப்ரசென்டேட்டிவ் – திருநெல்வேலி ஹெச்.க்யூ. – இதயம்–சர்க்கரை டிவிஷன் – டி.ஃபார்ம், ஃப்ரெஷர்

டியர் ஹயரிங் மேனேஜர்,

திருநெல்வேலி ஹெச்.க்யூ.வுக்கான மெடிக்கல் ரெப்ரசென்டேட்டிவ் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன், குடும்பமும் இங்கேதான். இந்த ஊரிலேயே தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன்.

டி.ஃபார்ம் பயிற்சியின்போது மூன்று மாதம் மருந்துக் கடைக் கவுண்டரில் மருந்துச் சீட்டுகளைக் கையாண்டேன். சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் மாதாமாதம் அதே சீட்டோடு வருவதையும், சரக்கு ஒருமுறை கிடைக்காவிட்டால் அவர்கள் வேறு பிராண்டுக்கு மாறிவிடுவதையும் நேரில் பார்த்தேன். டாக்டரைப் பார்ப்பதோடு கடையில் ஸ்டாக்கைச் சரிபார்ப்பதும் ரெப்பின் வேலை என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். பயிற்சிக்குப் பிறகு அதே கடையில் 11 மாதம் மாலை நேரத்தில் வேலை பார்த்தேன்.

விண்ணப்பிக்கும் முன் வண்ணாரப்பேட்டை, ஹைகிரவுண்ட், டவுன் பகுதிகளில் ஆறு கடைகளில் விசாரித்தேன். உங்கள் டிவிஷனின் மருந்துகள் நான்கு கடைகளில் இருக்கின்றன. மாலை ஓ.பி. நடக்கும் கிளினிக்குகளை ஒட்டிய கடைகளில் இன்னும் இடம் இருப்பதாகத் தெரிகிறது.

சொந்தமாக இரு சக்கர வாகனமும் லைசென்ஸும் உண்டு. வெளியூரில் தங்கி வேலை பார்க்கவும் பயிற்சிக்கு வேறு மாநிலம் வரவும் தயார். உடனே சேர முடியும். பயோடேட்டாவை இணைத்திருக்கிறேன்.

(பெயர், மொபைல் எண்)

மாதிரியை அப்படியே நகல் எடுத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஏஐ எழுதிக் கொடுத்த கடிதங்களுக்கும் இதே கதிதான்: ஒரே விளம்பரத்துக்கு வந்த கடிதங்கள் பெயர் மட்டும் மாறி ஒரே குரலில் பேசுகின்றன. இலக்கணத்தைத் திருத்த அதைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. வண்ணாரப்பேட்டையில் எந்தக் கடையில் என்ன இருந்தது என்பது அதற்குத் தெரியாது.

எழுதவே கூடாத வாக்கியங்கள்

'டாக்டர்களுக்குப் பரிசு கொடுத்து நல்ல உறவு வைத்திருக்கிறேன்.' இப்படி எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச் 12 அன்று வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை விதிகள் டாக்டருக்கோ அவர் குடும்பத்தினருக்கோ தனிப்பட்ட பலனுக்காகப் பரிசு கொடுப்பதைத் தடுக்கின்றன. டாக்டரைச் சந்திக்க ரெப் எந்தப் பெயரிலும் பணம் கொடுக்கக் கூடாது, ஆசை காட்டக் கூடாது, தந்திரம் செய்யக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. சாம்பிளுக்கும் அளவு உண்டு: ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு ஆண்டுக்கு 12 பேக்குக்கு மேல் கூடாது. உங்கள் கடிதம் கம்பெனியின் கோப்பில் இருக்கப்போகிற ஆவணம். இப்படி ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த ஹெச்.ஆர். உங்களை எடுப்பார்?

மருந்தைப் பற்றிய பெருமையும் அப்படியே. 'பக்க விளைவே இல்லாத மருந்து', 'முழுக்கப் பாதுகாப்பானது' என்ற சொற்களுக்கு அதே விதிகளில் கட்டுப்பாடு உண்டு. பழைய கம்பெனியில் எதை விற்றீர்கள் என்று எழுதும்போது மருந்தின் வகையைச் சொல்லுங்கள், விளம்பர வாசகத்தை அல்ல.

பழைய மேனேஜரைக் குறை சொல்ல வேண்டாம். இடைவெளி இருந்தால் ஒரே வரி: 'குடும்ப மருத்துவக் காரணத்துக்காக ஐந்து மாதம் வேலையில் இல்லை, இப்போது முழுநேரமாக வேலை செய்யலாம்.' ஓராண்டுக்குள் மூன்று கம்பெனி மாறியிருந்தால் கவர் லெட்டர் அதை மறைக்காது. ஏன் இந்த முறை நிற்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆங்கிலம்

வாக்கியம் பதினைந்து சொல்லைத் தாண்டினால் இரண்டாக வெட்டுங்கள். ஊர்ப் பெயர்களை ரயில் நிலையப் பலகையில் இருக்கும் எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். மும்பையில் இருப்பவர் வரைபடத்தில் தேடிப் பார்க்க வசதியாக இருக்கும். மருந்துப் பெயர்களில் ஒரு எழுத்து மாறினால்கூட மானம் போய்விடும், அட்டையைப் பார்த்து எழுதுங்கள். கம்பெனி பெயரும் டிவிஷன் பெயரும் சரியா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். வேறு கம்பெனிக்கு எழுதிய கடிதத்தில் பெயரை மாற்ற மறந்து அனுப்புவது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. எழுதி முடித்ததும் சத்தமாகப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடம் திருத்த வேண்டிய இடம்.

அனுப்புவது

கடிதத்தை மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டுங்கள். பயோடேட்டா மட்டும் பி.டி.எஃப். இணைப்பாகப் போகட்டும். கடிதமும் இணைப்பாக இருந்தால் திறக்கப்படாமலேயே போகலாம். கோப்புக்குப் பெயர், ஹெச்.க்யூ., பதவி என்று பெயரிடுங்கள். 'ஃபைனல் நியூ 2' வேண்டாம்.

மாதத்தின் கடைசி நான்கைந்து நாளும் முதல் இரண்டு மூன்று நாளும் குளோசிங் நேரம். அப்போது மேனேஜர் ஸ்டாக்கிஸ்ட் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். 5 முதல் 20 தேதிக்குள் அனுப்புவது நல்லது. ஆனால் விளம்பரத்தில் கடைசித் தேதி நெருங்கினால் இதையெல்லாம் பார்க்க வேண்டாம்.

பல ஏரியா மேனேஜர்கள் வாட்ஸ்அப்பில்தான் பயோடேட்டா கேட்கிறார்கள். அங்கே முழுக் கடிதத்தை ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். நான்கு வரி போதும்: 'வணக்கம் சார். திருநெல்வேலி ஹெச்.க்யூ. வேகன்ஸிக்காக அனுப்புகிறேன். டி.ஃபார்ம், சொந்த ஊர் பாளையங்கோட்டை, மருந்துக் கடையில் 11 மாத அனுபவம். பைக், லைசென்ஸ் உண்டு, உடனே சேரலாம். பயோடேட்டா இணைத்திருக்கிறேன்.' குட் மார்னிங் படங்களை அதன்பின் அனுப்பாமல் இருப்பதும் முக்கியம்.

வாக்-இன் நேர்காணல் என்றால் கடிதத்தையும் பயோடேட்டாவையும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். பேனலில் இரண்டு பேராவது இருப்பார்கள். அனுபவம் உள்ளவர்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, கிடைத்திருந்தால் ரிலீவிங் லெட்டர் ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்காக முன்பணமோ டெபாசிட்டோ கேட்பவர்கள் கம்பெனிக்காரர்களாக இருக்க வாய்ப்பில்லை. அங்கே கடிதம் எழுதும் நேரமும் வீண்.

பதில் வராவிட்டால் ஐந்தாறு வேலை நாள் கழித்து ஒருமுறை போன் செய்யலாம். காலை பத்து முதல் மதியம் இரண்டு வரையும் மாலை ஆறு மணிக்கு மேலும் அவர் யாராவது ஒரு ரெப்போடு டாக்டர் அறை வாசலில் நின்றுகொண்டிருப்பார். மூன்று முதல் ஐந்து மணிக்குள் கூப்பிடுங்கள். முப்பது விநாடியில் பெயர், ஹெச்.க்யூ., அனுப்பிய தேதி.

கூப்பிட்டு வரச் சொன்னால், போகும் முன் கடிதத்தின் நகலை எடுத்து, கேள்வி கேட்கக்கூடிய ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போடுங்கள். 'ஆறு கடை' என்று எழுதியிருந்தால் எந்த ஆறு? 'இன்னும் இடம் இருக்கிறது' என்றால் அங்கே இப்போது ஓடும் பிராண்ட் எது? சில கம்பெனிகளில் பேச்சு முடிந்ததும் ஒரு ரெப்போடு ஒரு நாள் ஃபீல்டுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். அந்த நாள் மாலையில் நீங்கள் விசாரித்த அதே கடைகளில் ஒன்றுக்குத்தான் போக வேண்டியிருக்கும். கடைக்காரர் உங்களை அடையாளம் கண்டு, 'என்ன தம்பி, அன்னிக்கு வந்து கேட்டீங்களே' என்று சொன்னால், கூட நிற்கும் ரெப் அன்று இரவே அதை மேனேஜரிடம் சொல்லிவிடுவார்.